முக்கோணத்தின் கோபம்

ஒரு பெரிய முக்கோணம். ஒரு சின்ன முக்கோணம். ஒரு சின்ன வட்டம். கதவுபோலத் திறந்து மூடும் பகுதியோடு ஒரு செவ்வகம். ஃப்ரிட்ஸ் ஹைடரும் மரியான் சிம்மலும் 1944-இல் வெளியிட்ட ஓர் ஆய்வுக்காக எடுத்த இரண்டரை நிமிடப் படத்தில் இருப்பது இவ்வளவுதான். ஒலி இல்லை, முகம் இல்லை, ஒரு சொல் இல்லை. வடிவங்கள் நகர்கின்றன, முட்டிக்கொள்கின்றன, செவ்வகத்துக்குள் போகின்றன, வெளியே வருகின்றன. முடிவில் பெரிய முக்கோணம் மோதிச் செவ்வகத்தின் பக்கங்கள் உடைகின்றன.

அமெரிக்காவின் ஸ்மித் கல்லூரியில் 34 மாணவியருக்கு இதைப் போட்டுக்காட்டி, பார்த்ததை எழுதச் சொன்னார்கள். ஒரே ஒருவர்தான் வடிவங்கள் நகர்ந்ததாக எழுதினார். மற்ற எல்லோரும் உயிருள்ளவை செய்த காரியங்களாக எழுதினார்கள். பெரும்பாலோர் கண்டது மனிதர்களை. பெரிய முக்கோணம் ஒரு முரடன். சின்ன முக்கோணம் துணிச்சல்காரன். வட்டம் பயந்துபோன பெண். முரடன் அவளை வீட்டுக்குள் மடக்கப் பார்க்கிறான், மற்றவன் காப்பாற்றுகிறான், இருவரும் தப்பியதும் ஆத்திரம் தாங்காமல் முரடன் வீட்டையே இடிக்கிறான்.

படத்தை இன்று பார்த்தாலும் இதே கதைதான் தோன்றும். 'இவை வெறும் கோடுகள்' என்று சொல்லிக்கொண்டே பார்த்தாலும் அந்த முக்கோணத்தின் மேல் எரிச்சல் வரும். கண்ணுக்குக் கிடைத்தது நகர்வு. ஏன் நகர்ந்தது என்ற பதிலை மனம் தானாகச் சேர்த்துவிட்டது. யோசித்து எடுத்த முடிவு என்று அதைச் சொல்ல முடியாது. கோபத்தையும் நாம் அங்கே 'பார்த்தோம்'.

1896-இல் வியன்னாவில் பிறந்து பின்னாளில் அமெரிக்காவில் குடியேறிய ஹைடர், தம் வாழ்நாளின் பெரும்பகுதியை ஒரே கேள்விக்குக் கொடுத்தார். உளவியலே படிக்காத ஒருவர் தம் பக்கத்து வீட்டுக்காரரின் நடத்தையை எப்படிப் புரிந்துகொள்கிறார்? 1958-இல் வந்த அவருடைய நூல் அதற்குச் சொன்ன பதில் எளிமையானது: காரணம் தேடுகிறார். அந்தக் காரணத்தை ஆளுக்குள் வைக்கலாம்: அவருடைய குணம், ஆசை, திறமை. அல்லது ஆளுக்கு வெளியே வைக்கலாம்: நெருக்கடி, கட்டாயம், அதிர்ஷ்டம்.

உளவியல் பாடநூல்களில் கற்றல் ஓர் அத்தியாயம், சிந்தனை இன்னோர் அத்தியாயம், பிறரை நாம் பார்க்கும் விதத்தைச் சொல்லும் சமூகப் புலன்காட்சி கடைசிப் பக்கங்களில் வரும் வேறோர் அத்தியாயம். தேர்வுக்குப் படிப்பவருக்கு இந்தப் பிரிப்பு வசதிதான். ஆனால் மனம் இப்படிப் பிரித்துக்கொண்டு வேலை செய்வதாக எனக்குத் தோன்றவில்லை. எது எதனால் வருகிறது என்ற ஒரே தேடல்தான் மூன்றிலும் ஓடுகிறது. அதைத் தொடக்கத்திலிருந்து பார்ப்போம்.

மணியடித்தால் எச்சில் ஊறும் நாயைப் பள்ளிக்கூடத்திலேயே நாம் சந்தித்துவிடுகிறோம். இவான் பாவ்லவ் அடிப்படையில் செரிமானத்தை ஆராய்ந்த உடலியலாளர். 1904-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததும் அதற்காகத்தான். உணவு வாய்க்கு வருமுன்பே, அதைக் கொண்டுவரும் ஆளைக் கண்டதுமே நாய்களுக்கு எச்சில் ஊறியது செரிமான ஆய்வுக்கு ஓர் இடைஞ்சலாக இருந்தது. அந்த இடைஞ்சலையே ஆராய்ச்சிப் பொருளாக்கிக்கொண்டதில்தான் அவருடைய பெருமை இருக்கிறது. மணியைவிட மெட்ரோனோம் போன்ற கருவிகளைத்தான் அவர் அதிகம் பயன்படுத்தினார். ஒலிக்குப் பின் உணவு, ஒலிக்குப் பின் உணவு என்று பல முறை நடந்ததும், ஒலி மட்டுமே எச்சிலை வரவழைத்தது. ஆசிரியர் பயிற்சி நூல்கள் ஆக்கநிலையுறுத்தல் என்று சொல்வது இதைத்தான்.

இதற்கு நீண்ட காலம் ஓர் எளிய விளக்கம் சொல்லப்பட்டது: இரண்டு பொருள்கள் அடுத்தடுத்து வந்தால் மனம் அவற்றை ஒட்டவைத்துவிடும், எத்தனை முறை வருகிறதோ அத்தனை பலமாக ஒட்டும். 1960-களின் இறுதியில் லியோன் காமின் எலிகளை வைத்துச் செய்த சோதனை இந்த விளக்கத்தை உடைத்தது. முதலில் சில எலிகளுக்கு ஓர் ஒலியைத் தொடர்ந்து மின்னதிர்ச்சி கொடுத்தார். அவை ஒலிக்கு அஞ்சக் கற்றன. அடுத்து ஒலியையும் ஒளியையும் சேர்த்துக் காட்டி, அதே அதிர்ச்சியைக் கொடுத்தார். ஒளியும் அதிர்ச்சியும் பல முறை இணைந்தே வந்தன. ஆகவே இனி ஒளிக்கும் எலி அஞ்ச வேண்டும். அஞ்சவில்லை. முன்னரே ஒலியைக் கற்றிராமல் நேராக இந்த இணையைச் சந்தித்த எலிகளோ அதே ஒளியைக் கண்டு நன்றாகவே அஞ்சின.

ஏன் இந்த வேறுபாடு? முதல் வகை எலிக்கு அதிர்ச்சி வரப்போவதை ஒலியே சொல்லிவிட்டது. ஒளியால் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. எதிர்பார்த்தது நடந்தால் கற்பதற்கு ஒன்றும் இல்லை. எதிர்பாராதது நடந்தால்தான் கற்றல் நிகழ்கிறது. ராபர்ட் ரெஸ்கோர்லாவும் ஆலன் வாக்னரும் 1972-இல் இதை ஒரு சமன்பாடாகவே எழுதிக் காட்டினார்கள். குரங்குகளின் மூளையில் டோபமைன் சுரக்கும் நரம்பணுக்கள் ஏறக்குறைய அதே கணக்கைப் போடுவதை வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸின் ஆய்வுகள் 1990-களில் காட்டின: எதிர்பாராத பழச்சாறு கிடைத்தால் அவை துடிக்கின்றன, எதிர்பார்த்த சாறு கிடைத்தால் சும்மா இருக்கின்றன, எதிர்பார்த்தது வராமல் போனால் அடங்கிவிடுகின்றன. சமன்பாடு முதலில் வந்து, அதற்கு ஒத்த நரம்பணு பின்னால் கிடைத்தது என்பது உளவியல் வரலாற்றில் அரிதாக நடந்த ஒன்று.

எலி வெறுமனே ஒட்டவைக்கவில்லை என்பதற்கு ஜான் கார்சியாவும் ஒரு சான்று கொடுத்தார். 1966-இல் அவரும் ராபர்ட் கோலிங்கும் எலிகளுக்கு வைத்த நீரில் சுவை சேர்த்தார்கள்; நக்கும்போதெல்லாம் ஒளி மின்னவும் சத்தம் எழவும் செய்தார்கள். சில எலிகளுக்குப் பின்னர் வயிற்றைப் புரட்டச் செய்தார்கள். சிலவற்றுக்கு மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். வயிறு புரட்டியவை சுவையை வெறுத்தன. ஒளியையும் சத்தத்தையும் பொருட்படுத்தவில்லை. அதிர்ச்சி பெற்றவை ஒளிக்கும் சத்தத்துக்கும் அஞ்சின. சுவையைக் குறை சொல்லவில்லை. வயிற்றுக் கோளாறுக்குத் தின்றது காரணமாக இருக்கும், காலில் பட்ட வலிக்கு வெளியே நடந்தது காரணமாக இருக்கும் என்ற முன்தீர்மானத்தோடுதான் எலி பிறக்கிறது. கார்சியாவின் முடிவுகளை முன்னணி ஆய்விதழ்கள் நெடுநாள் ஏற்க மறுத்தன. எதை எதோடும் இணைக்க முடியும் என்ற அன்றைய கோட்பாட்டுக்கு அவை ஒத்துவரவில்லை. தன் எதிர்பார்ப்பை மீறும் சான்றை விஞ்ஞானியின் மனமும் எளிதில் விழுங்குவதில்லை.

காரணம் தேடும் மனத்துக்கு ஓர் ஆபத்து உண்டு. காரணமே இல்லாத இடத்திலும் அது ஒன்றைக் கண்டுபிடித்துவிடும். பசித்த புறாக்களுக்கு, அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும், குறிப்பிட்ட இடைவெளியில் தீனி வரும்படி பி.எஃப். ஸ்கின்னர் ஓர் ஏற்பாடு செய்தார். 1948-இல் அவர் எழுதியதன்படி, எட்டில் ஆறு புறாக்கள் விசித்திரமான சடங்குகளில் இறங்கின. ஒன்று கூண்டைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஒன்று கூண்டின் மேல் மூலையில் தலையை நீட்டியபடி இருந்தது. தீனி வரும் வேளையில் தற்செயலாகச் செய்துகொண்டிருந்ததைத் தீனிக்குக் காரணமாகப் பறவை எடுத்துக்கொண்டது என்பது ஸ்கின்னரின் விளக்கம். 1971-இல் ஸ்டாடனும் சிம்மல்ஹாகும் இதைத் திரும்பச் செய்து பார்த்தபோது, அந்த அசைவுகளில் பல, தீனியை எதிர்நோக்கும் எந்தப் புறாவும் இயல்பாகச் செய்பவை என்று தெரிந்தது. புறாவின் மூடநம்பிக்கை என்ற கதையை அதனால் முழு உறுதியோடு சொல்ல முடியாது. மனிதர் விஷயத்தில் அந்தத் தயக்கம் தேவையில்லை.

லண்டனில் பீட்டர் வேசன் 1960-இல் கல்லூரி மாணவர் 29 பேருக்கு ஒரு புதிர் கொடுத்தார். 2, 4, 6 என்ற மூன்று எண்கள் என் மனதில் உள்ள ஒரு விதிக்குப் பொருந்துகின்றன. அந்த விதியைக் கண்டுபிடியுங்கள். நீங்கள் வேறு மூன்று எண்களைச் சொல்லலாம். பொருந்தும், பொருந்தாது என்று நான் சொல்வேன். உறுதியாகத் தெரிந்ததும் விதியைச் சொல்லுங்கள்.

பெரும்பாலோர் 8, 10, 12 என்பார்கள். பொருந்தும். 20, 22, 24? பொருந்தும். 100, 102, 104? பொருந்தும். 'இரண்டிரண்டாக ஏறும் எண்கள்' என்று அறிவித்துவிடுவார்கள். தவறு. வேசனின் விதி 'ஏறுவரிசையில் உள்ள எந்த மூன்று எண்களும்' என்பதே. 1, 7, 350 கூடப் பொருந்தியிருக்கும். ஆனால் அப்படி ஒன்றைக் கேட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. தம் ஊகம் சரியென்றால் 'ஆம்' வரக்கூடிய எண்களையே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். தவறான விதி எதையும் சொல்லாமல் முதல் அறிவிப்பிலேயே விடையைத் தொட்டவர் ஆறு பேர்தான்.

இதை அறியாமை என்று தள்ளிவிடக் கூடாது. அன்றாட வாழ்வின் பல இடங்களில் இந்த வழி நன்றாகவே பலிக்கும் என்று கிளேமனும் ஹாவும் 1987-இல் விளக்கினார்கள். தேடுவது அரிதான ஒன்றாக இருக்கும்போது, இருக்குமென்று தோன்றும் இடத்தில் தேடுவதுதான் புத்திசாலித்தனம். சிக்கல் தொடங்குவது, தேடப்படும் பொருள் இன்னொரு மனிதராக இருக்கும்போது. மார்க் ஸ்னைடரும் வில்லியம் ஸ்வானும் 1978-இல் சிலரிடம், நீங்கள் பேட்டி காணப்போகிறவர் கலகலப்பானவரா என்று சோதித்துச் சொல்லுங்கள் என்றார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்த கேள்விகள், ஒரு விருந்தைக் களைகட்ட வைக்க என்ன செய்வீர்கள் என்பது போன்றவை. யாராயிருந்தாலும் இதற்குக் கலகலப்பான ஒரு பதிலைத்தான் சொல்வார்கள். அந்தப் பதில்களை மட்டும் கேட்ட மூன்றாம் மனிதருக்கும் அவர் கலகலப்பானவராகவே தெரிந்தார். வேசனின் எண்கள் ஊகத்துக்கு ஏற்ப மாறுவதில்லை. மனிதர் மாறிவிடுகிறார்.

வார்சாவில் பிறந்து சிறுவயதில் நியூயார்க் வந்த சாலமன் ஆஷ் 1946-இல் இன்னும் எளிய ஒன்றைச் செய்தார். ஒருவரைப் பற்றி ஏழு அடைமொழிகளைப் படித்துக்காட்டினார்: புத்திசாலி, திறமையானவர், உழைப்பாளி, அன்பானவர், உறுதியானவர், காரியத்தில் கண்ணானவர், எச்சரிக்கையானவர். இன்னொரு குழுவுக்கு அதே பட்டியல். 'அன்பானவர்' என்ற இடத்தில் மட்டும் 'ஒட்டாதவர்'. இவர் தாராள மனம் கொண்டவரா என்று கேட்டபோது முதல் குழுவில் 91 சதவீதத்தினர் ஆம் என்றார்கள். இரண்டாம் குழுவில் 8 சதவீதத்தினர். ஒரு சொல் மற்ற ஆறு சொற்களின் நிறத்தையும் மாற்றிவிட்டது: அன்பானவரின் புத்திசாலித்தனம் விவேகமாகத் தெரிகிறது, ஒட்டாதவரின் புத்திசாலித்தனம் கணக்குப் போடும் தந்திரமாகத் தெரிகிறது.

ஹெரால்ட் கெல்லி 1950-இல் இதையே எம்.ஐ.டி. வகுப்பறைக்குள் கொண்டுபோனார். ஒரு விருந்தினர் பாடம் நடத்த வருவதாகச் சொல்லி அவரைப் பற்றிய குறிப்பை மாணவர்களிடம் கொடுத்தார். பாதிப் பேரின் குறிப்பில் 'அன்பானவர்' என்றும் மீதிப் பேரின் குறிப்பில் 'ஒட்டாதவர்' என்றும் இருந்தது யாருக்கும் தெரியாது. அதே அறை, அதே மனிதர், அதே பேச்சு. 'அன்பானவர்' என்று படித்தவர்களில் 56 சதவீதத்தினர் அவரோடு விவாதத்தில் கலந்துகொண்டார்கள். மற்றவர்களில் 32 சதவீதத்தினர். பேசாமல் இருந்துவிட்டவர் தம் கருத்தைத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பையும் சேர்த்து இழந்தார். எலிக்காவது எதிர்பாராதது நடந்தபோது கற்க முடிந்தது. எதிர்பாராதது நடக்கவே இடம் கொடாதவருக்கு அதுவும் இல்லை.

இனி ஹைடரின் கேள்விக்கே வரலாம். காரணம் ஆளுக்குள்ளா, வெளியிலா? எட்வர்ட் ஜோன்ஸும் விக்டர் ஹாரிஸும் 1967-இல் ஃபிடல் காஸ்ட்ரோவை ஆதரித்தும் எதிர்த்தும் எழுதப்பட்ட கட்டுரைகளை மாணவர்களிடம் கொடுத்தார்கள். எந்தப் பக்கம் எழுதுவது என்பதை எழுதியவர் தேர்ந்தெடுக்கவில்லை, அது அவருக்கு விதிக்கப்பட்டது என்றும் சொன்னார்கள். அப்படியானால் கட்டுரையை வைத்து எழுதியவரின் உள்மனதைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. ஆனாலும் ஆதரித்து எழுதியவர் உள்ளூர ஆதரவாளராகத்தான் இருப்பார் என்ற பக்கமே படித்தவர்கள் சாய்ந்தார்கள். சூழலின் கட்டாயம் கண்ணெதிரே இருந்தும் குணத்தைக் காரணமாக்கும் இந்தச் சாய்வுக்கு 1977-இல் லீ ராஸ் அடிப்படைக் காரணவிளக்கப் பிழை என்று பெயரிட்டார்.

எத்தனை சிறிய சூழல் எத்தனை பெரிய குணத்தைத் தோற்கடிக்கும் என்பதற்கு, நான் படித்தவற்றில் மனதை மிகவும் உலுக்கியது பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரியில் ஜான் டார்லியும் டேனியல் பேட்சனும் செய்து 1973-இல் வெளியிட்ட ஆய்வு. பங்கேற்ற 40 பேரும் எதிர்காலப் போதகர்கள். ஒவ்வொருவரும் பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் ஒரு சிறு உரை ஆற்ற வேண்டும். பாதிப் பேருக்குத் தலைப்பு, இறையியல் மாணவருக்கு ஏற்ற வேலைகள். மீதிப் பேருக்கு நல்ல சமாரியன் உவமை: வழிப்பறியில் அடிபட்டுக் கிடந்தவனை மதகுரு ஒருவரும் தாண்டிப் போக, அந்நியன் ஒருவன் நின்று உதவிய கதை. கிளம்பும்போது சிலரிடம், நேரமாகிவிட்டது, உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள் என்றார்கள். சிலரிடம், இப்போது போனால் சரியாக இருக்கும் என்றார்கள். சிலரிடம், இன்னும் சில நிமிடம் இருக்கிறது என்றார்கள். போகும் சந்தில் ஒரு மனிதர் தலை கவிழ்ந்து, இருமி முனகியபடி கிடந்தார். அவர் ஆய்வாளர்கள் அமர்த்திய நடிகர்.

அவகாசம் இருந்தவர்களில் 63 சதவீதத்தினர் ஏதோ ஒரு வகையில் உதவினார்கள். நடுவில் இருந்தவர்களில் 45 சதவீதத்தினர். அவசரப்படுத்தப்பட்டவர்களில் 10 சதவீதத்தினர். மனதில் நல்ல சமாரியன் இருந்ததா, வேலைவாய்ப்பு இருந்ததா என்பது குறிப்பிடத்தக்க வேறுபாட்டை உண்டாக்கவில்லை. அவர்களுடைய சமயப் பற்று எத்தகையது என்று முன்கூட்டி அளந்து வைத்திருந்ததை வைத்தும் யார் நிற்பார் என்று கணிக்க முடியவில்லை. உவமையைப் பற்றிப் பேச விரைந்த சிலர் கிடந்தவரைத் தாண்டியே போனார்கள். 40 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. அந்தச் சதவீதங்களைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் அந்தச் சந்தில் நாம் நின்றிருந்தால் தாண்டிப் போனவரை என்னவென்று சொல்லியிருப்போம்? கல்நெஞ்சக்காரர், போலி என்றுதான். 'அவருக்கு நேரமாகிவிட்டது போலிருக்கிறது' என்று யாரும் சொல்லியிருக்க மாட்டோம்.

இதற்கு ஒரு காரணம் நாம் நிற்கும் இடம். பிறரைப் பார்க்கும்போது கண்ணுக்குத் தெரிவது அந்த ஆள். நாமே ஒன்றைச் செய்யும்போது நமக்குத் தெரிவது எதிரே உள்ள சூழ்நிலை. நம் முகம் நமக்குத் தெரிவதில்லை. மைக்கேல் ஸ்டார்ம்ஸ் 1973-இல் முன்பின் அறியாத இருவரைப் பேசவிட்டு வீடியோ எடுத்தார். பிறகு சிலருக்கு அவர்கள் முகமே தெரியும் பதிவைப் போட்டுக்காட்டினார். தம்மை வெளியிலிருந்து பார்த்தவர்கள் தம் நடத்தைக்குத் தம் குணத்தையே அதிகம் காரணமாகச் சொன்னார்கள். 2006-இல் பெர்ட்ராம் மல்லே நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தனக்கு ஒரு விளக்கம், பிறருக்கு ஒரு விளக்கம் என்ற இந்த வேறுபாடு சராசரியாக மிகச் சிறியதே என்று கண்டார். ஆனால் கெட்டது நடந்த இடங்களில் அது தெளிவாகவே இருந்தது. சூழ்நிலையைக் காரணம் காட்டுவது நமக்கு மிகவும் தேவைப்படும் இடமும் அதுதான்.

அப்படியானால் குணத்தை முன்னே வைக்கும் இந்தப் பார்வை மனித மூளையோடு பிறந்ததா? ராஸ் 'அடிப்படை' என்று பெயர் வைத்தபோது அப்படித்தான் தோன்றியது. அதைக் கேள்விக்குள்ளாக்கியவர் ஜோன் மில்லர். கேள்விக்கான களம் மைசூர். 1984-இல் வெளியான அவருடைய ஆய்வில் சிகாகோவிலும் மைசூரிலும் 8, 11, 15 வயதுப் பிள்ளைகளும் பெரியவர்களும் பங்கேற்றார்கள். உங்களுக்குத் தெரிந்த ஒருவர் செய்த ஒரு நல்ல காரியத்தையும் ஒரு கெட்ட காரியத்தையும் சொல்லுங்கள். அவர் ஏன் அப்படிச் செய்தார் என்றும் சொல்லுங்கள்.

மைசூர்க் கதைகளில் ஒன்று பின்னாளில் புகழ்பெற்றது. ஒரு வழக்கறிஞரின் மோட்டார் சைக்கிள் விபத்துக்குள்ளாகிறது. பின்னால் உட்கார்ந்திருந்தவருக்குப் பலத்த அடி. வழக்கறிஞர் அவரை மருத்துவமனையில் விட்டுவிட்டு, நிலை எப்படி என்றுகூடக் கேட்காமல் நீதிமன்றத்துக்குப் போய்விடுகிறார். அடிபட்டவர் இறந்துபோகிறார். அமெரிக்கர் பலர் இதற்கு அந்த வழக்கறிஞரின் பொறுப்பின்மையைக் காரணமாகச் சொல்லக்கூடும். கதையைச் சொன்ன மைசூர்வாசி, கட்சிக்காரருக்காக ஆஜராக வேண்டிய கடமை அவருக்கு இருந்தது, அடி எவ்வளவு பலம் என்று அவருக்குத் தெரிந்திருக்காது என்ற பக்கமாக விளக்கினார். எல்லா விளக்கங்களையும் சேர்த்துப் பார்த்தபோது சிகாகோப் பெரியவர்கள் குணத்தையும், மைசூர்ப் பெரியவர்கள் உறவு, கடமை, சூழ்நிலை ஆகியவற்றையும் அதிகம் சொன்னார்கள். கெட்ட காரியங்களில் இடைவெளி இன்னும் பெரிது. மைசூர்க்காரர் சொன்ன நிகழ்ச்சிகளையே அமெரிக்கர்களிடம் விளக்கக் கேட்டபோதும் அவர்கள் குணத்தையே நாடினார்கள். ஆகவே கதைகளின் வேறுபாடு இதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது.

எனக்கு இந்த ஆய்வின் உயிர் பெரியவர்களிடம் இல்லை, 8 வயதுப் பிள்ளைகளிடம் இருக்கிறது. அந்த வயதில் சிகாகோப் பிள்ளைக்கும் மைசூர்ப் பிள்ளைக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வயது ஏற ஏறச் சிகாகோவில் குணவிளக்கம் கூடிக்கொண்டே போனது. மைசூரில் சூழல்விளக்கம் கூடியது. எந்தப் பள்ளியிலும் இதற்குப் பாடம் இல்லை. பக்கத்து வீட்டுப் பையன் பணம் திருடிவிட்டான் என்று செய்தி வந்த இரவு, 'அவன் புத்தியே அப்படி' என்று ஒரு வீட்டில் பேசுகிறார்கள். 'அப்பனுக்கு வேலை போய் மூணு மாசமாச்சே' என்று இன்னொரு வீட்டில் பேசுகிறார்கள். இரண்டு வீட்டிலும் ஒரு குழந்தை கேட்டுக்கொண்டிருக்கிறது. பிறரைப் பார்க்கும் விதம் இப்படித்தான் பழகுகிறது என்பது என் ஊகம். மைசூர் ஆய்வில் இருந்த மூன்றாவது குழு அதற்கு வலுச் சேர்க்கிறது. அதே ஊரில் வாழ்ந்த ஆங்கிலோ இந்தியர்களிடமும் மில்லர் அதே கேள்விகளைக் கேட்டிருந்தார். அவர்களுடைய விளக்கங்கள் சிகாகோக்காரர்களுக்கும் மற்ற மைசூர்க்காரர்களுக்கும் இடையில் அமைந்தன.